கண்வலிக்கு நீண்ட நேரம் மரத்துப்போற சொட்டு மருந்து: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம், சிங்கப்பூர் யீஷூன்லேருந்து எழுதுறேன். தம்பிக்கு பி.ஆர்.கே. கண் சிகிச்சை (கருவிழி மேல்தோலை எடுத்துட்டு லேசர்ல பார்வையைச் சரிபண்றது) முடிஞ்சிருக்கு. கருவிழி மேல்தோல் வளர்ற வரைக்கும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரியுதாம். விளக்கைப் போட்டாலே தண்ணியாக் கொட்டுது. டாக்டர் விடுற புரோபராகேயின் சொட்டு அரை நிமிஷத்துல மரத்துப்போக வைக்குது, ஆனா 15 நிமிஷம் போலத்தான் தாங்குது. வீட்டுக்குக் கொடுக்க மாட்டாங்க. அது நியாயம்தான், அடிக்கடி விட்டா புண் ஆறாது, கருவிழியே கெட்டுப்போகும். (அதனால எங்கேயாவது வாங்கி விடுன்னு சொல்லாதீங்க.)

கருவிழியைக் கெடுக்காம மணிக்கணக்கா வலியை அடக்குற சொட்டு மருந்து, நோயாளிங்ககிட்ட சோதிக்கிற அளவுக்கு எங்கேயாவது வந்திருக்கா? பார்மசிஸ்ட், ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கிறவங்க இருந்தா சொல்லுங்க. இதே சிகிச்சை செஞ்சவங்க முதல் ரெண்டு ராத்திரியை எப்படிக் கடத்தினீங்க? பேண்டேஜ் லென்ஸ் (புண் ஆறுற வரைக்கும் கருவிழியை மூடிக் காக்குற லென்ஸ்) போட்டிருக்கு, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு.