சீரியல்ல ஆசைப்படுற பொண்ணுன்னா அவ வில்லிதானா?

தேன்மொழி:
மாமியாரோட உக்காந்து போன வாரம் முழுக்க சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் சீரியல் பாத்தேன், கால்ல அடிபட்டு லீவ்ல இருந்ததால வேற வழியில்ல. ஒண்ணு கவனிச்சேன். ஹீரோயின் எம்பிஏ படிச்சிருக்கா, ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் அந்த எம்பிஏ எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. அதே வீட்ல இருக்குற வில்லி மட்டும் கம்பெனி பேலன்ஸ் ஷீட் பாக்குறா, வக்கீல்கிட்ட பேசுறா, பத்திரத்துல எந்தப் பக்கம் கையெழுத்து வாங்கணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கா. எனக்கு இது வேணும்னு ஒரு பொண்ணு வாயத் திறந்து சொல்லிட்டா அந்த நிமிஷமே பேக்ரவுண்ட்ல டொய்ங்னு மியூசிக் போட்டு அவள வில்லி ஆக்கிடுறாங்க. நல்லவளுக்கு ஆசையே இருக்கக் கூடாதா? எல்லாரும் நல்லா இருக்கணும்ங்கிற ஆசைய நான் கணக்குல சேக்கல.

பழையரேடியோ:
அம்மா, நீங்க ஒரு வாரம் பாத்துட்டு தீர்ப்பு சொல்றீங்க. நான் 1999ல சித்தி சீரியல் வந்த காலத்துலேர்ந்து பாக்குறவன். சினிமாவுல ஹீரோயின் நாலு பாட்டுக்கு வருவா, முப்பத்தஞ்சு வயசு ஆனா அக்கா வேஷம், அப்புறம் அம்மா வேஷம். சீரியல்ல தான் ராதிகா, தேவயானி எல்லாம் வருஷக்கணக்கா கதைய தோள்ல தூக்கிட்டு நடந்தாங்க, ராதிகா சொந்தமா ராடான்னு கம்பெனியே நடத்துனாங்க. கோலங்கள் 2003லேர்ந்து 2009 வரைக்கும் 1500 எபிசோடுக்கு மேல ஓடுச்சே, அதுல அபி கட்டடத் தொழில் பண்ணி மேல வந்தவ. அவ என்ன வில்லியா? ஆம்பளைங்கள ஓரமா உக்கார வெச்சுட்டு பொண்ணுங்க கதைய பொண்ணுங்களே நடத்துற ஒரே இடம் இதுதான், அதையும் குறை சொன்னா எப்படி.

தேன்மொழி:
சார், அபிய ஒத்துக்குறேன். ஆனா கேட்டா எல்லாரும் அந்த ஒரு பேரத்தானே சொல்றீங்க, அது முடிஞ்சு எத்தன வருஷம் ஆச்சு! அப்புறம், திரையில பொண்ணுங்க நிறைய இருக்காங்கங்கிறது எனக்கும் தெரியும். 1985ல அலிசன் பெக்டெல்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் காமிக்ஸ்ல போட்டாங்களே, ரெண்டு பொண்ணுங்க ஒரு ஆம்பளையப் பத்தி இல்லாம வேற எதையாவது பேசிக்கணும்னு, அது சினிமாவுக்கு சொன்னது. நம்ம சீரியல்ல ஒரே ஹால்ல எட்டு பொண்ணுங்க நிக்குறாங்க, எட்டு பேரும் பேசுறது யார் புருஷன் யார் கூட போனான், யார் கழுத்துல தாலி ஏறணும், இது மட்டும்தான்.

நைட்ஷிஃப்ட்_குமார்:
எங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க அக்கா. சீரியல் ஹீரோ மாதிரி ஒரு மக்குப் பய உலகத்துல உண்டா? எவனோ ஒரு போட்டோ அனுப்புறான், உடனே பொண்டாட்டிய வீட்ட விட்டு வெளிய போன்னு சொல்றான். என்ன நடந்துச்சுன்னு ஒரே ஒரு கேள்வி கேக்க மாட்டான், கேட்டா அன்னிக்கே சீரியல் முடிஞ்சிரும் 😂 ஆம்பளைன்னா ஒண்ணு அம்மா பிள்ளை, இல்லன்னா அறையுறவன், இல்லன்னா நெஞ்சப் புடிச்சுட்டு சாயுற அப்பா. மெட்டி ஒலில அஞ்சு பொண்ணுங்கள வெச்சுகிட்டு அந்த அப்பா படுற பாடு பாக்க எங்க வீட்ல நைட்டு சாப்பாடே லேட் ஆகும், அப்படி ஒரு மனுசன இப்ப எழுதுறாங்களா? ஆம்பள கேரக்டருக்கு வெக்கமே இல்லாம போச்சு.

வசனம்88:
நான் சில வருஷம் சீரியல்ல வசன உதவியாளரா இருந்தேன், எந்த சீரியல்னு சொல்ல மாட்டேன். நீங்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்து பாக்குறவங்க மாதிரி பேசுறீங்க. எங்களுக்கு சொல்லிக் குடுத்தது என்னன்னா, பாக்குறவங்க கண்ணால பாக்கல, காதால கேக்குறாங்க, அடுப்படில வேலையா இருப்பாங்க, குக்கர் விசில் நடுவுல யார் பேசுறான்னு புரியணும். ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தவங்களுக்கும் பத்து செகண்ட்ல நல்லவ யாரு கெட்டவ யாருன்னு தெரிஞ்சாகணும். அதுக்குத்தான் அந்த டொய்ங், அந்தப் பெரிய பொட்டு, ஸ்லீவ்லெஸ், மூணு தடவ ஜூம். வேற மாதிரி எழுதத் தெரியாம இல்ல, சீன் பேப்பர் காலைல எழுதி மதியம் ஷூட் ஆகும், அந்த அவசரத்துல கைக்கு வர்றது பழைய அச்சுதான். நான் ஒரு தடவ ஹீரோயினுக்கு ஒரு இன்டர்வியூ சீன் எழுதிக் குடுத்தேன், நாலு பக்கம். திரும்பி வந்தப்ப அரை பக்கம், மீதி மூணரை பக்கத்துல வில்லி அந்த இன்டர்வியூ லெட்டர ஒளிச்சு வெக்கிறா. வாரா வாரம் ரேட்டிங் வந்தவுடனே எந்த ட்ராக் ஏறுச்சு எந்த ட்ராக் இறங்குச்சுன்னு பேசுவாங்க, ஹீரோயின் சிரிச்சுகிட்டே இருந்த வாரத்த யாரும் பாராட்டி நான் பாக்கல.

பழையரேடியோ:
இதத்தான் நானும் சொல்றேன். அமெரிக்காவுல 1930கள்ல ரேடியோ நாடகத்துக்கு சோப்பு கம்பெனிக்காரன் காசு குடுத்தான், பகல்ல வீட்ல இருக்குற பொம்பளைங்க கேப்பாங்கன்னு, அதனாலதான் சோப் ஓபெரான்னே பேரு வந்துச்சு. ஜனங்க பாக்குறாங்க, அவன் எடுக்குறான்.

தேன்மொழி:
அப்ப பாக்குறவங்க தலையில பழிய போட்டாச்சு, சரி. 2022ல எதிர்நீச்சல் வந்துச்சே, படிச்ச மருமகள்களப் பூட்டி வெக்கிற குணசேகரன அதுல தெளிவா தப்பானவனாத்தானே காட்டுனாங்க, ரேட்டிங்கும் வந்துச்சே?

நைட்ஷிஃப்ட்_குமார்:
வந்துச்சு, ஆனா கடைசில யார் ஹிட் ஆனது? அவர்தான். "ஏய் இந்தாம்மா" மீம் போடாத ஆளே இல்ல, என் ஃப்ரெண்டு ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட அத சொல்லி சிரிச்சுகிட்டிருந்தான், அவ சிரிக்கல. குணசேகரனா நடிச்ச மாரிமுத்து சார் 2023 செப்டம்பர்ல இறந்தப்ப எனக்கும் அழுகை வந்துச்சு, அப்படி ஒரு நடிகர். ஆனா நாம ரசிச்சது அவர் நடிப்பையா, இல்ல வீட்ல அப்படி அதட்ட நமக்கும் ஒரு ஆசை இருக்கா, இன்னும் எனக்குத் தெளிவில்ல.

வசனம்88:
அது எழுதுறவன் கையில இல்ல தம்பி. நல்ல வசனம் யார் வாய்ல இருக்கோ அவங்க பக்கம்தான் ஜனம் சாயும். வில்லிக்கு எழுதும்போது பேனா தானா ஓடும், ஹீரோயினுக்கு "அத்தை, நான் அப்படி நினைக்கல" தவிர என்ன எழுதுறது?

தேன்மொழி:
நீங்க இத சொன்னதும்தான் ஞாபகம் வருது. நேத்து ஒரு சீரியல் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஹீரோயின் சாமி முன்னாடி அழுதுகிட்டே இருந்தா. என் மாமியார் என்னப் பாத்து, "இன்னிக்கு அவ வரலையா?"ன்னு வில்லி பேரச் சொல்லிக் கேட்டாங்க. வரல போலன்னேன். "அப்ப நான் போய் துணி மடிக்கிறேன், அவ வந்தா கூப்புடு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.