ஹார்மோன் மாத்திரையும் 2002-இல் வந்த பயமும்

வைகைக்கரை:
வயது 49. தீட்டு நின்று ஒன்றரை வருடம். இரவில் வியர்த்துக் கொட்டி மூன்று தடவை நைட்டி மாற்றுகிறேன். டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்ததும் அண்ணி, "கேன்சர் வரும், தொடாதே" என்றார்.

இந்தப் பயத்தின் வேர் அமெரிக்காவின் 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு பெண் ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்த பகுதியை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகமெங்கும் செய்தி. எண்ணிக்கையாகச் சொன்னால், பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வருவது 38 ஆனது. கலந்துகொண்டவர்களின் சராசரி வயதோ 63. அதை வைத்து நான் ஏன் தூங்காமல் கிடக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற செவிலி:
தங்கச்சி, அந்தக் கூடுதல் எட்டுப் பேர் ஓராண்டுக் கணக்கு. 2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வைப் பாருங்கள். 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டு தினமும் இரண்டு ஹார்மோனும் எடுத்தால், 70 வயதுக்குள் ஐம்பது பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். நான் கேன்சர் வார்டில் வேலை பார்த்தவள். அந்த ஒருவர் எனக்கு வெறும் எண் இல்லை. வியர்வை இரண்டு மூன்று வருடத்தில் அடங்கிவிடும். நம் அம்மாமார் தாண்டி வரவில்லையா?

கரிசல்காட்டு மகள்:
தாண்டி வந்தார்களா என்று அவர்களை யார் கேட்டோம் அக்கா? என் அம்மாவுக்கு 36 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஹார்மோன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். 54-இல் வாசற்படியில் தடுக்கி விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்தது. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதே அமெரிக்க ஆய்வில் அந்தப் பிரிவில் பக்கவாதம் கூடியது உண்மை, 2004-இல் நிறுத்தியதும் அதனால்தான். ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை போடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஹார்மோன் என்ற சொல்லே ஐம்பதை நெருங்கும்போதுதான் வீட்டுக்குள் வருகிறது. பயம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி:
உங்கள் அம்மாவுக்குக் கொடுத்திருக்கத்தான் வேண்டும். இயல்பாகத் தீட்டு நிற்கும் வயது வரைக்குமாவது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. 49 வேறு கணக்கு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருடக்கணக்காக வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் இல்லை, பிரஷரும் பார்ப்பதில்லை. என் பயம் அங்கேதான்.

வைகைக்கரை:
அது நியாயம். ஆனால் "இரண்டு மூன்று வருடம்" சரியில்லை அக்கா. அமெரிக்காவில் நீண்ட காலம் தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், அடிக்கடி இப்படி அவதிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கும் மேல் நீடித்தது. காலையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துகிறவள் நான்.

ஓய்வுபெற்ற செவிலி:
சரி, ஏழு வருடம் என்றே வைத்துக்கொள்வோம். காலில் ரத்தக்கட்டு, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது, வந்ததுண்டா? அம்மா, அக்கா யாருக்காவது மார்பகப் புற்றுநோய்?

வைகைக்கரை:
எனக்கு ரத்தக்கட்டு இல்லை. சித்திக்கு மட்டும் புற்றுநோய், 70 வயதுக்கு மேல்.

ஓய்வுபெற்ற செவிலி:
அதை டாக்டரிடம் சொன்னீர்களா?

வைகைக்கரை:
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மறுபடி போகிறேன். தோலில் ஒட்டும் பேட்ச் வகையில் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு என்று படித்தேன், அதையும் கேட்கிறேன். மேமோகிராம் எடுத்த பிறகுதான் முதல் மாத்திரை.