செப்சிஸ் நோயாளி வந்த இரவு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

(செப்சிஸ்: கிருமித் தொற்றை எதிர்க்கும்போது உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் ஆபத்தான நிலை)

ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை

கார்த்திகை மழை. இரவு 1:10க்கு மலையடிவார ஊரிலிருந்து 108இல் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஆடு மேய்ப்பவர். ஆறு நாளாகக் காய்ச்சல். "சாயங்காலத்துல இருந்து அம்மா சம்பந்தமில்லாம பேசுது" என்றான் மகன்.

எங்கள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூச்சை எண்ணாமலே சார்ட்டில் 20 என்று எழுதிவிடுவோம். அன்றைக்கு டூட்டியில் இருந்த புதுப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணினாள். 34. பிபி 80/50, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிட்டது. இதைத்தான் ஷாக் என்போம். "சார், ஷாக்ல இருக்காங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் டூட்டி டாக்டர் ஓடிவந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆன பெண்!

அப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹவுஸ் சர்ஜன் ஒரு கையில் பச்சை வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டார், நான் இன்னொரு கையில். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக். கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் 50 கிலோ உடம்புக்கு ஒன்றரை லிட்டர், அதாவது மூன்று பாட்டில் ஆர்.எல். என்ற உப்புநீர். முதல் ஊசி 1:40க்கு ஏறியது. செப்டிக் ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும்.

இரண்டு பாட்டில் முடிந்தும் பிபி அசையவில்லை. பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்கினோம். அப்போது ஈரச் சேலையை மாற்றிக்கொண்டிருந்த ஆயா என் கையைப் பிடித்து இழுத்தார். "சிஸ்டர், இங்க சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கு பாருங்க." இடது மார்புக்கு அடியில் ஒரு கருப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ்! புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி கடித்த இடம் அது. நாங்கள் போட்ட செஃப்ட்ரியாக்சோன் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகப் போடச் சொன்னார். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. டாக்ஸி ஊசி வார்டில் இல்லை. மருந்தாளுநர் ஸ்டோரைத் திறந்து அவரே மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

எட்டாம் நாள் அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது ஆயாவைத் தேடினார். அவருக்கு அன்றைக்கும் இரவு டூட்டி.

நோயாளியின் மகள்

மேலே எழுதிய சிஸ்டருக்கு நன்றி. படிக்கப் படிக்க அழுகை வந்தது.

அப்பாவுக்கு 71 வயது, சுகர், சிறுநீர்த் தொற்று. காய்ச்சலே இல்லை. கை சில்லென்று இருந்தது, என்னையே "யாரும்மா நீ" என்று கேட்டார். ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். டாக்டர் இரவு 9 மணிக்கே மருந்து எழுதிவிட்டார். ஊசி ஏறியது 1 மணிக்கு. நடுவில் ஷிஃப்ட் மாறியது. ஃபைல் பில்லிங்கில் கிடந்தது. பார்மசியில் வாங்கிய மருந்தை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல். ஆளாளுக்கு அவரவர் வேலையைச் செய்தார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்குள் நான்கு மணி நேரம் போய்விட்டது. மூன்றாம் நாள் அப்பா இறந்துவிட்டார்.

இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021இல் செப்சிஸில் இறந்தாள். பெற்றோர் பயந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் பெயரால் ‘மார்த்தா விதி’ 2024 முதல் அங்குள்ள மருத்துவமனைகளில் வரத் தொடங்கியது. உடம்பு மோசமாகிறது என்று வீட்டார் நினைத்தால், வேறொரு குழுவை வந்து பார்க்கும்படி அவர்களே அழைக்கலாம். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு நம்பர் இருந்திருந்தால் 10 மணிக்கே அழைத்திருப்பேன்.

லேப் டெக்னீஷியன்

நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஆனாலும் உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் 4க்கு மேல் வந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்க மாட்டோம், உடனே வார்டுக்குப் போன் போட்டுவிடுவோம். நடுராத்திரியில் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் என்று மெஷின் கத்தினால், ஸ்லைடு போட்டு கிராம் சாயத்தில் பார்த்து அதையும் சொல்வோம். கிருமியின் வகை தெரிந்தாலே டாக்டர் மருந்தை மாற்ற முடியும்.

வார்டில் இருப்பவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி அனுப்பினால் கிருமி இருந்தும் பிடிபடாமல் போகலாம். அப்புறம், தயவுசெய்து ஃபாரத்தில் வார்டையும் போன் நம்பரையும் எழுதுங்கள். போன வாரம் ஒரு பாசிட்டிவ் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வார்டு என்று தெரியாமல் இரண்டு மாடி ஏறி இறங்கினேன்.