புதுப்பிப்பு: ட்ரோன் வைஃபை இணைகிறது, ஆப்பில் படம் வரவில்லை (தீர்ந்தது)

உதவிய எல்லாருக்கும் நன்றி. பழைய போனில் ஒழுங்காக ஓடிய ட்ரோன், புதிய ஆண்ட்ராய்டு போனில் வைஃபை இணைந்தும் ஆப்பில் கறுப்புத் திரையே காட்டியது.

ஆப்பை நீக்கி மறுபடி நிறுவியது பயன் தரவில்லை. மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. ட்ரோனின் வைஃபையில் இணையம் கிடையாது. அதைக் கண்டதும் போன் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஆப் அனுப்புவதும் அந்த வழியே போவதால் ட்ரோனுக்கு எட்டுவதில்லை. டேட்டாவை அணைத்து, 'இணையம் இல்லை, இணைப்பில் தொடரவா?' என்று போன் கேட்டதற்குச் சரி கொடுத்ததும் படம் வந்தது.

எதிர்பாராதது: மறுநாள் மறுபடியும் கறுப்புத் திரை! விளம்பரத் தடுப்பு ஆப் பின்னணியில் விபிஎன் ஆக (போனிலிருந்து போவதையெல்லாம் தன் வழியே திருப்பிவிடும் இணைப்பாக) ஓடிக்கொண்டிருந்தது. இதை யாரும் சொல்லவில்லை. நிறுத்தியதும் சரியானது.

அப்புறம், டேட்டா இல்லாமல் ஆப்பில் வரைபடம் வராது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.