வெயிலில் வேட்டி பர்ன் ஆகிவிட்டது (ஃபிரேமில் வெளுத்துவிட்டது), டி.ஐ.யில் (கலர் கரெக்ஷனில்) வருமா?

ரேழிவெளிச்சம்:
கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஷார்ட் ஃபிலிம் எடுத்தோம். பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே, ரா 5:1 (சென்சார் டேட்டாவை அதிகம் மாற்றாமல், சுருக்கிச் சேமிக்கும் ஃபைல்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100. பகல் 12 மணி. கேமரா ரேழிக்குள், அப்பாவாக நடித்தவர் திண்ணை ஓரத்தில். முகம் நிழலில், மடியில் மட்டும் சுள்ளென்று வெயில். முகத்துக்கு எக்ஸ்போஸ் செய்தேன். வேட்டி வெளுத்துத்தான் தெரிந்தது. மானிட்டரில் லட் (பார்ப்பதற்கு மட்டும் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றிக் காட்டுவது) போட்டிருந்ததால், உள்ளே டேட்டா இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

இப்போது ரிசால்வில் (கலர் கரெக்ஷன் சாஃப்ட்வேர்) எக்ஸ்போஷரை இறக்கினால் வேட்டி சாம்பல் அட்டை மாதிரி ஆகிறது, ஒரு மடிப்புகூட இல்லை. பின்னால் இருக்கும் சுண்ணாம்புச் சுவரில் வேறு லேசாக ரோஸ் அடிக்கிறது. வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ரீஷூட்டுக்கு வழியில்லை.

டிஐ_ராக்கோழி:
"ரா தானே, எல்லாம் வரும்." வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் இதைச் சொல்கிறார்கள் ப்ரோ.

முதலில் பரேடைத் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் கிராஃப்) திறந்துவைத்துக்கொண்டு, கேமரா ரா பக்கத்தில் எக்ஸ்போஷரை மெதுவாக இறக்குங்கள். உச்சியில் இருக்கும் தட்டைக் கோடு தட்டையாகவே கீழே வந்தால் அங்கே எதுவும் பதிவாகவில்லை. வேட்டியில் மூன்று சேனலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சுவர் வேறு கதை. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் நிரம்பும். ஒயிட் பேலன்ஸுக்காக (வெள்ளை வெள்ளையாகவே தெரிய) சிவப்பையும் நீலத்தையும் தூக்கும்போது பச்சை மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ரோஸ் அங்கிருந்து வருவதுதான். ஹைலைட் ரெகவரி (வெளுத்த பகுதியை மீட்கப் பார்க்கும் வசதி) போட்டால், தப்பிய சேனல்களை வைத்து சுவரை ஓரளவு கட்டிவிடும். மிச்ச ரோஸை லம் வெர்சஸ் சாட்டில் (வெளிச்ச அளவைப் பொறுத்து நிற அடர்த்தியை மாற்றும் கர்வ்) உச்சிப் பக்கம் மட்டும் குறையுங்கள்.

வேட்டியை மட்டும் கீழே இழுக்காதீர்கள். வெள்ளையாகவே விட்டு, ஓரத்தை சாஃப்ட் கிளிப்பில் கரைத்து, கொஞ்சம் குளோ, கொஞ்சம் கிரெய்ன் (ஃபிலிம் மாதிரித் துகள்). வெயில் கூசுகிறது என்று பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சாம்பல் வேட்டியை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதிருக்கட்டும், ஐஎஸ்ஓ 100 ஏன்? அந்தக் கேமராவுக்கு நேட்டிவ் (சென்சாரின் அடிப்படை ஐஎஸ்ஓ) 400. நூறில் வைத்துப் படம் இருட்டாகத் தெரிந்ததும் அப்பர்ச்சரைத் (லென்ஸின் துவாரம்) திறந்திருப்பீர்கள், சென்சாருக்கு இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). நாய்ஸ் குறையும், சரி. ஆனால் அந்த இரண்டு ஸ்டாப்பும் ஹைலைட் கணக்கில் கழிந்துவிடும். பிறகு மென்பொருளில் 400 என்று மாற்றினாலும் திரும்பாது.

பழைய_லைட்மீட்டர்:
ஃபிலிம் நெகட்டிவில் ஒரு ஸ்டாப் ஓவர் போனால் பதற மாட்டோம், அண்டர் என்றால்தான் வயிறு கலங்கும். டிஜிட்டலுக்கு வந்த புதிதில் அதே பழக்கத்தில் ஒரு கல்யாண சீனையே வெளுத்தவன் நான், அதனால் திட்டவில்லை தம்பி.

முகத்துக்கு ஒரு தெர்மாகோல் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பியிருந்தால் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடியிருக்கலாம். மேலே ஸ்கிம்மர் (வெயிலை மட்டுப்படுத்தும் துணி) கட்டியிருந்தால் மடி வெயில் இன்னும் அடங்கியிருக்கும். அப்புறம், வெயிலில் புது வெள்ளை வேட்டியை நான் விடவே மாட்டேன். டீத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுவோம். ஃபிரேமில் அது வெள்ளையாகத்தான் தெரியும்.

ரேழிவெளிச்சம்:
பரேடு நீங்கள் சொன்னபடியேதான் அண்ணா. வேட்டியில் மூன்றுமே தட்டை, சுவரில் பச்சை மட்டும். சுவர் வந்துவிட்டது, ரோஸும் போய்விட்டது. இடது முழங்கால் பக்கம் நிழல் விழுந்த இடத்தில் கரையும் இரண்டு மடிப்பும் பிழைத்திருக்கின்றன. அதை மட்டும் விண்டோ போட்டுக் கொஞ்சம் அழுத்தினேன், இப்போது துணி மாதிரி இருக்கிறது. மற்றதை வெயில் என்றே விட்டுவிட்டேன்.

சார், டீயில் எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

பழைய_லைட்மீட்டர்:
ஊறவே கூடாது. பால் இல்லாத டீ, நிறைய தண்ணீர் கலந்து, ஒரு முக்கு, உடனே அலசு. காய்ந்ததும் புது வேட்டி பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போதே பழுப்பாகத் தெரிந்தால் டீ கூடிவிட்டது.