60 கிலோவாட் சார்ஜரில் 30-க்கு மேல் ஏறவில்லை: கோளாறு காரிலா, சார்ஜரிலா?

நெடுஞ்சாலை38:
உளுந்தூர்பேட்டை பக்கம் இரண்டு கன் (காரில் செருகும் கைப்பிடி) உள்ள ஒரு சிசிஎஸ்2 (கார்களுக்கான டிசி வேகச் சார்ஜ் முறை) சார்ஜர், போர்டில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. என் மின்சார கார் 40 யூனிட் பேட்டரி, டிசி உச்சம் 50 கிலோவாட் என்கிறது கையேடு. 22 சதவீதத்தில் செருகினால் திரையில் 345 வோல்ட், 87 ஆம்பியர், 30 கிலோவாட். அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. இதே கார் வேறொரு 60 கிலோவாட் சார்ஜரில் 48 வரை எடுக்கிறது. சர்வீஸில் கேட்டால் "வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்கிறார்கள். அதற்கு முன் நானே பார்த்து முடிவு செய்ய வழி உண்டா? மழை பெய்த அன்று இதே கன் "இன்சுலேஷன் ஃபால்ட்" காட்டி, சார்ஜ் தொடங்காமலே நின்றது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

மல்டிமீட்டர்:
வண்டியை இப்போதைக்கு விட வேண்டாம் சார். கிலோவாட்டை மட்டும் பார்த்தால் யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று தெரியாது. வோல்ட், ஆம்பியர் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சார்ஜ் ஏற ஏற பேட்டரி வோல்டேஜ் எப்படியும் கூடும். வோல்ட் கூடும்போது ஆம்பியர் அதற்கேற்பக் குறைந்து, கிலோவாட் ஆணி அடித்த மாதிரி ஒரே எண்ணில் நின்றால் அது சார்ஜரின் பவர் வரம்பு. ஆம்பியர் அசையாமல் நின்று, வோல்ட்டோடு கிலோவாட்டும் மெல்ல ஏறினால் கரண்ட் வரம்பு: கேபிள், கன் சூடு, அல்லது சார்ஜரின் ஆம்பியர் உச்சம். கிலோவாட்டும் ஆம்பியரும் சேர்ந்து படிப்படியாக இறங்கினால்தான் காரின் பிஎம்எஸ் (பேட்டரியைக் கட்டுப்படுத்தும் கணினி) மேல் சந்தேகப்படலாம். அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் இயல்பு.

50, 70 சதவீதத்தில் திரையில் என்ன இருந்தது? பக்கத்து கன்னில் வண்டி நின்றதா?

நெடுஞ்சாலை38:
ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தேன். 50-ல் 362 வோல்ட், 83 ஆம்பியர். 70-ல் 372 வோல்ட், 80.6 ஆம்பியர். நான் செருகும்போது பக்கத்து கன்னில் ஒரு டாக்ஸி இருந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அதன் பிறகும் எனக்கு 30தான்.

மல்டிமீட்டர்:
பெருக்கிப் பாருங்கள். மூன்று இடத்திலும் விடை 30 கிலோவாட். இது கார் கேட்கிற அளவு அல்ல, சார்ஜர் தருகிற அளவு. பேட்டரியைச் சந்தேகிக்க இதில் ஒன்றும் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். 60 கிலோவாட் பெட்டி என்பது ஒரே கருவி அல்ல. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் 30 கிலோவாட் மாட்யூல் இரண்டு, அல்லது 20 கிலோவாட் மாட்யூல் மூன்று, இப்படி அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு கன்னிலும் வண்டி நின்றால் ஆளுக்கொரு பங்கு. ஒரு வண்டி கிளம்பியதும் அதன் மாட்யூலை அடுத்த கன்னுக்குத் திருப்பிவிடும் சார்ஜரும் உண்டு. சார்ஜ் தொடங்கும்போது பிரித்த பங்கைக் கடைசி வரை மாற்றாததும் உண்டு. உங்களுடையது இரண்டாவது ரகம் போலிருக்கிறது. ஆகவே பக்கத்து வண்டி போனதும் ஆப்பில் சார்ஜை நிறுத்தி, கன்னைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு மறுபடி செருகித் தொடங்குங்கள். தொடக்கக் கட்டணம் தனியாக வாங்கும் இடமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக நின்று புதிதாகத் தொடங்கியும் 30தான் என்றால் இரண்டு காரணம் மிச்சம். ஒரு மாட்யூல் செத்திருக்கலாம். அல்லது அந்த இடத்தின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாமல் இயக்குபவரே சர்வரிலிருந்து வரம்பு வைத்திருக்கலாம். 60 கிலோவாட் வெளியே தர, 415 வோல்ட் மூணு ஃபேஸில் ஃபேஸுக்குக் கிட்டத்தட்ட 90 ஆம்பியர் உள்ளே இழுக்கும். சின்ன ஹோட்டல் வளாகத்தில் அது லேசான சுமை அல்ல.

மூணுஃபேஸ்:
இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் மட்டும் குறைந்து, காலையில் சரியாக வந்தால் சூடுதான் காரணம். மாட்யூலுக்குக் காற்று இழுக்கும் ஃபில்டர் நெடுஞ்சாலைப் புழுதியில் அடைத்துக்கொள்ளும், மாட்யூல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைக்கும். ஃபேன் சத்தம் காது கிழிகிற அளவுக்குக் கேட்டும் காற்று சரியாக வெளியே வரவில்லை என்றால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். கன்னுக்குள்ளும் டிசி முனைகளில் வெப்ப சென்சார் உண்டு. முனை தேய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு ஆம்பியர் சட்டென்று விழும். கழற்றும்போது கன் வாய்ப் பக்கம் தொட முடியாத சூடாக இருந்தால் அந்தக் கன்னை விட்டுவிடுங்கள்.

கன்ட்ரோல்பைலட்:
மழை நாள் ஃபால்ட்டுக்கு வருகிறேன். அது வேறு கதை, 30 கிலோவாட்டோடு சம்பந்தமில்லை.

சிசிஎஸ்2-ல் செருகியதும் முதலில் பைலட் முனை (காரும் சார்ஜரும் தகவல் பரிமாறும் முனை) வழியே பேச்சு. பூட்டு விழுந்த பிறகு கேபிள் சோதனை: சார்ஜர் தன் டிசி கம்பிகளில் உயர் வோல்டேஜ் ஏற்றி, எர்த்துக்குக் கசிவு உண்டா என்று அளக்கும். ஒரு வோல்ட்டுக்கு 100 ஓமுக்குக் கீழே போனால் ஃபால்ட், அதாவது 400 வோல்ட் என்றால் 40 கிலோ ஓம். அதில் தேறினால் பிரீசார்ஜ்: சார்ஜர் தன் வோல்டேஜை பேட்டரி வோல்டேஜுக்கு 20 வோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவரும். அதன் பிறகுதான் கார் தன் கான்டாக்டரை (பேட்டரியைச் சுற்றில் இணைக்கும் பெரிய சுவிட்ச்) மூடும்.

கவனியுங்கள், கேபிள் சோதனை நடக்கும்போது பேட்டரி சுற்றிலேயே இல்லை. சார்ஜ் தொடங்காமலே இன்சுலேஷன் ஃபால்ட் வந்தால் கன், கேபிள், கார் சாக்கெட், சார்ஜரின் உட்பகுதி, இந்த நான்கில்தான் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. கன்னின் வாயைக் கீழே சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, உலர்ந்த துணியால் வெளிவாயைத் துடையுங்கள். முனைக்குள் விரலோ கம்பியோ விட வேண்டாம், துரு நீக்கும் ஸ்ப்ரே கூடவே கூடாது. கார் சாக்கெட்டின் அடியில் வடிகால் துளை இருக்கும், அது மண்ணடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்த கன். அதில் ஓடினால் முதல் கன்தான் குற்றவாளி.

ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இதே ஃபால்ட் வந்தால் கணக்கு மாறும். அப்போது காரின் உயர் வோல்டேஜ் பாகங்களும் சுற்றில் இருக்கின்றன. ஏசியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஏசி அணைத்தால் நிற்காமல் ஓடுகிறது என்றால் கம்ப்ரசர் பக்கம் கசிவு. அதற்குக் கட்டாயம் சர்வீஸ்தான்.

மூணுஃபேஸ்:
"கம்யூனிகேஷன் எரர்" வந்தால் கன்னின் எடையைக் கவனியுங்கள். கனமான கேபிள் கன்னைக் கீழே இழுக்கும், பைலட் முனை சரியாகத் தொடாது. பூட்டு விழும் சத்தம் கேட்கும் வரை கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தால் பாதி எரர் அங்கேயே தீரும்.

நெடுஞ்சாலை38:
இன்று பக்கத்தில் வண்டி இல்லாத நேரம் பார்த்துப் புதிதாகத் தொடங்கினேன். 346 வோல்ட், 138 ஆம்பியர். ரொம்ப நன்றி. கூடுதலாக ஒன்று: அந்த வளாகத்திலேயே பழைய பாரத் டிசி-001 சார்ஜர் சும்மா கிடக்கிறது. அடாப்டர் போட்டு எடுக்க முடியுமா?

கன்ட்ரோல்பைலட்:
அந்த எண்ணம் வேண்டாம். அந்த கன் ஜிபி/டி என்ற சீன முறை, பேச்சு கேன் என்ற தனித் தகவல் கம்பிகள் வழியில். சிசிஎஸ்2 பேசுவது பைலட் கம்பி மேலேறும் பிஎல்சி என்ற வேறு சிக்னல் முறை. வெறும் முனை மாற்றினால் இரண்டும் பேசிக்கொள்ளாது. தவிர அது 15 கிலோவாட் சார்ஜர், குறைந்த வோல்டேஜ் பேட்டரி வண்டிகளை மனதில் வைத்து வந்தது. உங்கள் 345 வோல்ட்டுக்கு ஏறாது.

வீட்டு32ஆம்ப்:
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். அப்பார்ட்மென்டில் 7.2 கிலோவாட் சார்ஜர். ஈபியில் நன்றாக ஓடுகிறது, ஜெனரேட்டர் ஓடினால் சிவப்பு விளக்கு, எர்த் ஃபால்ட். எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடலாம் என்கிறார்.

மல்டிமீட்டர்:
வேண்டவே வேண்டாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறும். ஜெனரேட்டர் ஓடும்போது ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-எர்த் 230-க்குப் பக்கத்திலும் நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டிலும் இருக்க வேண்டும். 110, 120 என்று மிதந்தால் ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த் செய்யப்படவில்லை. அந்த இணைப்பு ஜெனரேட்டரில்தான் வர வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் கையால். அதுவரை ஜெனரேட்டர் நேரத்தில் சார்ஜரின் எம்சிபியை இறக்கி வையுங்கள். எப்படியும் ஒரு வீட்டுக்கு 32 ஆம்பியர் என்பதை அந்த ஜெனரேட்டர் கணக்கில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.