பழைய கணக்குப் புதிர் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

லீவுக்குக் காரைக்குடி வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ராத்திரி வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து போட நம்ம பக்கத்துக் கணக்குப் புதிர்கள் வேண்டும். அப்பத்தா ஒன்று போட்டார்கள்: 40 சேர் எடைக்கல் விழுந்து நாலு துண்டானது. அவற்றை வைத்தே 1 முதல் 40 வரை எத்தனை சேரும் நிறுக்கலாம். துண்டுகளின் எடை என்ன? 1, 3, 9, 27. சாமான் தட்டிலும் கல் வைக்கலாம் என்பதுதான் சூட்சுமம். 5 சேருக்கு ஒரு தட்டில் 9, சாமானோடு 3, 1. ஆறாவது படிக்கிறவள் இதைத் தானே கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்க்கணுமே!

விடுகதைகள் நிறைய இருக்கின்றன. அரைக்கால் (8-ல் ஒன்று), மாகாணி (16-ல் ஒன்று), முந்திரி (320-ல் ஒன்று) போன்ற பழைய பின்னங்கள் வரும் வியாபாரக் கணக்குகள்தான் கிடைக்கவில்லை. தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர்க்காரர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விடையை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.